பெற்றோருக்கு வீடிருந்தால் பிள்ளைக்கும் வீடு

ஆஸ்திரேலியாவில் 1971-ஆம் ஆண்டு 30 முதல் 34 வயதுக்குள் இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் சொந்த வீட்டில் வாழ்ந்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே வயதினரிடையே இது 50 சதவீதமாகிவிட்டது. 25 முதல் 29 வயது வரையிலானவர்களிடம் 50 சதவீதம் 36 ஆகக் குறைந்தது. நாட்டின் மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு தெரியாது. 1966-இல் 73 சதவீதத்தை ஒட்டி உச்சம் தொட்ட சொந்த வீட்டு விகிதம், 2021-லும் மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருந்தது. முன்பே வாங்கியவர்கள் நீண்ட ஆயுளோடு தங்கள் வீடுகளில் இருப்பதால் மொத்த எண் தாங்கி நிற்கிறது. இழப்பு பெரும்பாலும் இளையவர்கள் மேல் விழுந்திருக்கிறது.

சொந்த வீடு ஆஸ்திரேலியர்களின் இயல்பிலேயே ஊறியது என்று அங்கே அடிக்கடி சொல்லப்படும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1947-இல் சொந்த வீட்டில் இருந்த குடும்பங்கள் பாதிக்குச் சற்று மேல்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் அது நான்கில் மூன்று பங்கை நெருங்கியதற்குக் காரணம் அரசின் திட்டமிட்ட உழைப்பு. 1945-இல் மத்திய அரசும் மாநிலங்களும் செய்துகொண்ட வீட்டு வசதி உடன்பாட்டின்படி மாநில வீட்டு வசதி ஆணையங்கள் பெருமளவில் வீடுகளைக் கட்டின. முதலில் வாடகைக்கு விடப்பட்ட அவற்றில் பல, 1950-களின் நடுவிலிருந்து குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் குறைந்த வட்டியில் வீட்டுக் கடன் கிடைத்தது. ராபர்ட் மென்சீஸ் 1942-இல் ஆற்றிய வானொலி உரையொன்றில், சொந்த வீடு வைத்து, சிக்கனமாக வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நடுத்தரக் குடும்பமே நாட்டின் முதுகெலும்பு என்று வாதிட்டார். 1949 முதல் 1966 வரை பிரதமராக இருந்தபோது அந்தக் கருத்தையே கொள்கையாக்கினார். வேலை தேடியவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது. நகர விளிம்பில் மனை மலிவாகக் கிடைத்தது. கால் ஏக்கர் மனையில் ஒரு தனி வீடு, பின்னால் தோட்டம் என்பது ஆலைத் தொழிலாளியின் ஒற்றைச் சம்பளத்துக்கும் எட்டிய காலம் அது.

பேபி பூமர்கள் எனப்படும் போருக்குப் பிந்தைய தலைமுறை இந்த ஏற்பாட்டின் பலனோடு வளர்ந்தது. அவர்களில் பலர் வீடு வாங்கி முடித்த பிறகு விதிகள் மாறின. வாழும் இடமாக இருந்த வீட்டைச் செல்வம் பெருக்கும் சொத்தாக மாற்றிய வரிச் சட்டங்களே இந்தக் கதையின் மையம்.

அவற்றில் முதலாவது, நெகட்டிவ் கியரிங். ஒருவர் கடன் வாங்கி இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறார். வட்டியும் பராமரிப்பும் வாடகையைவிட அதிகமானால் ஆண்டுதோறும் நட்டம். அந்த நட்டத்தைத் தன் சம்பளத்திலிருந்து கழித்து, எஞ்சியதற்கு மட்டும் வருமான வரி கட்டலாம். சம்பளம் உயர உயர வரி விகிதமும் உயர்வதால், அதிகம் சம்பாதிப்பவருக்கே இதில் அதிக மிச்சம். ஆண்டாண்டாக நட்டப்பட ஒருவர் ஏன் முன்வருவார்? விற்கும்போது கிடைக்கும் விலை ஏற்றத்துக்காகத்தான். அந்த லாபத்துக்கு 1985 செப்டம்பரில் மூலதன ஆதாய வரி வந்தது; குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு மட்டும் விலக்கு. 1999-இல் பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்தை விற்றால் லாபத்தில் பாதிக்கு மட்டும் வரி என்று மாற்றியது. நட்டத்துக்கு முழுக் கழிவு, லாபத்துக்குப் பாதி வரி என இரண்டும் சேர்ந்தபோது, கடன் வாங்கி வீட்டில் பணம் போடுவது சம்பளக்காரர்களின் பொது வழக்கமாகிவிட்டது. இன்று 20 லட்சத்துக்கும் அதிகமான வரி செலுத்துவோர் வாடகை வீடு வைத்திருக்கிறார்கள். முதல் வீடு தேடும் இளம் தம்பதி, வீடு விற்கப்படும் ஏலத்தில் எதிர்கொள்ளும் போட்டியாளர் பெரும்பாலும் இவர்களில் ஒருவர்.

இதோடு வேறு காரணங்களும் சேர்ந்தன. 1980-களில் வங்கிகள் மீதான கட்டுப்பாடுகள் தளர்ந்து கடன் எளிதானது. 1990-களில் வட்டி இறங்கியது. இரண்டு சம்பளக் குடும்பங்கள் பெருகியதால் ஏலத்தில் கேட்கும் தொகையும் கூடியது. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய முதல் வீடு வாங்குவோருக்கான 7,000 டாலர் மானியம் வாங்குபவரின் கைக்கு வந்தாலும், அதன் பெரும்பகுதி விலையில் ஏறி விற்பவரைச் சேர்ந்தது என்பதே பொருளியலாளர்கள் பலரின் கணிப்பு. 2025-ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் நாட்டின் சராசரி வீட்டு விலை, புள்ளியியல் துறையின் கணக்கில் முதல் முறையாகப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. உலக நகரங்களின் வீட்டு விலையை வருமானத்தோடு ஒப்பிடும் டெமோகிராஃபியா அறிக்கையின் 2024 பதிப்பில், சிட்னியின் நடுத்தர வீடு அங்குள்ள நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல 13.8 மடங்கு. ஹாங்காங் மட்டுமே அதற்கு மேல்.

தலைமுறைச் சண்டை வெடிப்பது இங்கேதான். 2016-இல் பெர்னார்ட் சால்ட் என்ற பத்தி எழுத்தாளர், காபிக் கடையில் 22 டாலர் கொடுத்து அவகாடோ மசித்த ரொட்டி சாப்பிடும் இளைஞர்கள் அந்தக் காசை வீட்டுக்குச் சேர்க்கலாமே என்ற பொருளில் எழுதினார். மறு ஆண்டு டிம் கர்னர் என்ற கட்டுமானத் தொழிலதிபர் தொலைக்காட்சியில் அதையே சொன்னார். அவகாடோ அன்றிலிருந்து இந்த விவாதத்தின் சின்னமாகிவிட்டது. இளையவர்களின் கோபம் நியாயமானது. 22 டாலர் காலை உணவை வாரம் ஒன்று வீதம் ஓராண்டு முழுக்க விட்டாலும் மிஞ்சுவது 1,144 டாலர். பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 20 சதவீத முன்பணம் இரண்டு லட்சம்.

மூத்தவர்களின் பதிலிலும் உண்மை உண்டு. 1990-ஐ ஒட்டி வீட்டுக் கடன் வட்டி 17 சதவீதத்தைத் தொட்டது; அந்தத் தவணைகளைக் கட்ட அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு காலத்தையும் ஓர் எளிய கணக்கால் ஒப்பிடலாம். வீட்டின் விலை ஆண்டு வருமானத்தைப்போல மூன்று மடங்கு, வட்டி 17 சதவீதம் என்று கொள்வோம். ஐந்தில் நான்கு பங்கு கடன் வாங்கினால் வட்டிக்கு மட்டும் வருமானத்தில் 41 சதவீதம் போகும். விலை எட்டு மடங்கு, வட்டி 6 சதவீதம் என்றால் போவது 38 சதவீதம். மாதாமாதம் நெஞ்சை அழுத்தும் பாரம் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு கடனுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. வருமானத்தில் 15 சதவீதத்தைச் சேமிப்பவர் முதல் கணக்கில் வரும் வீட்டின் 20 சதவீத முன்பணத்தை நான்கு ஆண்டுகளில் சேர்த்துவிடுவார். இரண்டாவது கணக்கில் வரும் வீட்டுக்குப் பத்தரை ஆண்டுக்கு மேலாகும், அதுவும் அதற்குள் விலை ஏறாமல் இருந்தால். அன்று வாங்கியவருக்கு நான்கைந்து ஆண்டுகளில் வட்டி பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. பாரம் குறைந்துகொண்டே போனது. அண்மை ஆண்டுகளில் வாங்கியவருக்கு நேர்ந்தது தலைகீழ். 2020 இறுதியில் 0.10 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் வட்டி, 2022 மே முதல் பதின்மூன்று முறை உயர்த்தப்பட்டு 2023 நவம்பரில் 4.35 சதவீதமானது. குறைந்த வட்டியை நம்பி உச்ச விலையில் வாங்கியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

பத்தாண்டு சேமிப்பைத் தாண்டும் முக்கியக் குறுக்குவழி: பெற்றோர். ஆஸ்திரேலியர்கள் இதை 'அம்மா அப்பா வங்கி' என்று அழைக்கிறார்கள். பெற்றோர் முன்பணத்தை அன்பளிப்பாகத் தருகிறார்கள், அல்லது தங்கள் வீட்டைப் பிணையாக வைக்கிறார்கள். 2016 மே மாதம் மெல்பர்ன் வானொலி நேர்காணலில், பிள்ளைகளால் வீடு வாங்க முடியவில்லை என்ற பேச்சு வந்தபோது, பணம் படைத்த பெற்றோர் கைகொடுக்கலாமே என்ற பாணியில் அன்றைய பிரதமர் மால்கம் டர்ன்புல் பதிலளித்தது பெரும் சர்ச்சையானது. நாட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைத்தான் அவர் சொன்னார். ஒரு பிரதமர் அதைத் தீர்வாகச் சொன்னதுதான் மக்களைச் சுட்டது.

ஆகவே முதியவர்–இளையவர் என்ற பிளவோடு இது நின்றுவிடுவதில்லை. ஒரே வகுப்பில் படித்து, ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு இளைஞர்களில் ஒருவர் முப்பது வயதில் வீட்டுக்காரர், மற்றவர் நாற்பதிலும் வாடகைக்காரர். இருவரையும் பிரிப்பது பெற்றோரின் சொத்து. ஆஸ்திரேலியாவில் வாரிசு வரியும் கிடையாது. 1977-இல் குயின்ஸ்லாந்து அதைக் கைவிட்டது. 1979-இல் மத்திய அரசும், அடுத்த சில ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2050-க்குள் சுமார் 3.5 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள சொத்து முதியவர்களிடமிருந்து கைமாறும் என்று உற்பத்தித் திறன் ஆணையம் 2021-இல் கணித்தது. பெரும்பாலோர் கைக்கு வாரிசுச் சொத்து வருவது ஐம்பது வயதையொட்டி. குழந்தை வளர்க்க வீடு தேவைப்படும் வயது அதற்குள் கடந்துவிடுகிறது. புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டதே. 2021 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 95,000 பேர் வீட்டில் தமிழ் பேசுவதாகப் பதிவு செய்திருந்தார்கள். சிட்னியின் மேற்கே துங்காபி, வென்ட்வொர்த்வில் பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அந்த நாட்டில் பிணை வைக்கப் பெற்றோரின் வீடு என்று ஒன்று இருந்ததில்லை.

வரியை மட்டும் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் சரியல்ல. வீடுகள் தேவைப்படும் இடத்தில் போதுமான அளவு கட்டப்படவில்லை. வேலையும் ரயிலும் பள்ளியும் உள்ள நகரின் உட்பகுதிகள் பெரும்பாலும் ஒற்றை வீடுகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்குமாடி வர வேண்டுமென்றால் உள்ளூர் மன்றமும் அக்கம்பக்கத்தாரும் பாரம்பரியத் தோற்றம், நிழல், வாகன நெரிசல் என்று தடை எழுப்புகிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு 2024-இல் குறிப்பிட்ட ரயில் நிலையங்களின் சுற்றுப்புறத்தில் ஆறு மாடி வரை கட்ட அனுமதித்தபோது, சிட்னியின் வசதியான வடபகுதியைச் சேர்ந்த கு-ரிங்-காய் மன்றம் நீதிமன்றத்துக்கே போனது. அதே ஆண்டு மெல்பர்னின் பிரைட்டன் பகுதியில் விக்டோரியா முதல்வர் ஜசிண்டா ஆலன் இதுபோன்ற திட்டத்தை அறிவிக்க வந்தபோது குடியிருப்பாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். எதிர்த்தரப்பில், தங்கள் பகுதியில் வீடு கட்டுங்கள் என்றே கேட்கும் இளைஞர் அமைப்புகள் சிட்னியிலும் மெல்பர்னிலும் தோன்றியிருக்கின்றன. இடம் பெயர விரும்பும் முதியவர்களையும் விதிகள் பிடித்து வைக்கின்றன. பிள்ளைகள் போன பிறகு நான்கு படுக்கையறை வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போக நினைப்பவர், சிட்னியில் 15 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினால் அறுபதாயிரத்துக்கு மேல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இருக்கும் வீடோ, அதன் மதிப்பு எவ்வளவானாலும், முதியோர் ஓய்வூதியத்துக்கான சொத்துக் கணக்கில் சேராது. விற்றால் கையில் மிஞ்சும் பணம் சேரும். அந்த நிலையில் வீட்டிலேயே இருந்துவிடுவதை யாரும் குறை சொல்ல முடியாது.

இதையெல்லாம் மாற்ற முயன்ற அரசியல்வாதிகள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பிரதமர் ஹாக்கின் அரசு 1985-இல் நெகட்டிவ் கியரிங்கைக் கட்டுப்படுத்தி, இரண்டே ஆண்டுகளில் திரும்பப் பெற்றது. அந்த இடைவெளியில் வாடகை உயர்ந்தது என்ற வாதம் இன்றும் சொல்லப்படுகிறது. குறிப்பிடத்தக்க உயர்வு சிட்னி, பெர்த் போன்ற காலி வீடுகள் குறைந்திருந்த நகரங்களில்தான். பில் ஷார்ட்டன் தலைமையில் தொழிற்கட்சி 2016, 2019 தேர்தல்களில் வரிச் சலுகைகளைக் குறைப்போம் என்று சொல்லி இரண்டிலும் தோற்றது. 2022 தேர்தலுக்கு முன் அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. வாக்காளர்களில் பெரும்பாலோர் வீட்டுக்காரர்கள். வீட்டின் மதிப்பு கூடிவிட்டதென்று தெருவில் யாரும் தன்னிடம் வந்து குறைப்பட்டதில்லை என்று ஜான் ஹோவர்ட் சொன்னதில் அந்த அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. வீட்டு வசதி அமைச்சர் கிளேர் ஓ'நீல் 2024 இறுதியில் இளைஞர் வானொலிக்கு அளித்த நேர்காணலில், விலையைக் குறைப்பது அரசின் நோக்கமல்ல, நிதானமாக உயர்வதே விருப்பம் என்று வெளிப்படையாகச் சொன்னார். இளையவர்களுக்கு வீடு எட்ட வேண்டும், மூத்தவர்களின் வீட்டு விலையும் இறங்கக் கூடாது என்ற இரண்டு வாக்குறுதிகளையும் ஒரே அரசு தருகிறது. இரண்டும் சேர்ந்து நிறைவேற, சம்பளம் பல ஆண்டுகள் விலையைவிட வேகமாக உயர வேண்டும்.

2024 ஜூலை முதல் ஐந்து ஆண்டுகளில் 12 லட்சம் வீடுகள் என்பது தேசிய இலக்கு. தொழிலாளர் தட்டுப்பாடும் கட்டுமானச் செலவும் அதைத் தொடக்கத்திலேயே பின்தங்க வைத்தன. 2025 அக்டோபர் முதல், முதல் வீடு வாங்குவோர் வருமான வரம்பின்றி 5 சதவீத முன்பணத்தோடு வாங்க அரசு உத்தரவாதம் தருகிறது. சேமிப்புக் காலத்தைச் சுருக்கும் இத்திட்டம், ஒருவரின் கடனைப் பெரிதாக்கி, ஏலத்துக்கு இன்னும் பலரை அனுப்புகிறது.

இந்த நாட்டின் ஓய்வுக்கால ஏற்பாடு, முதுமையில் வாடகை இருக்காது என்ற ஊகத்தின் மேல் கட்டப்பட்டது. ஓய்வூதியத் தொகை கடன் தீர்ந்த வீட்டில் வாழ்பவருக்குத்தான் போதும். இன்று மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான குடும்பங்கள் வாடகையில் இருக்கின்றன; அவர்களில் பலர் வாடகைக்காரர்களாகவே முதியவர்கள் ஆவார்கள். அரசு வீடுகளும் சமூக வீடுகளும் மொத்த வீடுகளில் 4 சதவீத அளவே. மணமுறிவுக்குப் பின் வீடில்லாமல் தனித்துவிடப்பட்ட ஐம்பத்தைந்து வயது கடந்த பெண்கள், உறைவிடமற்றோர் பட்டியலில் வேகமாகக் கூடிவருகிறார்கள். வாடகை ஒப்பந்தம் வழக்கமாக ஆறு மாதம் அல்லது ஓராண்டு. காரணம் சொல்லாமல் வெளியேற்றுவதை நியூ சவுத் வேல்ஸ் 2025 மே மாதம் நிறுத்தியது. விக்டோரியாவும் அதே ஆண்டில் அந்த வழியை அடைத்தது. வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதி பெரும்பாலான இடங்களில் வந்துவிட்டது. அந்த ஒரு முறை எவ்வளவு கூட்டலாம் என்பதை அந்த ஊர் வாடகைகளின் விலைக் குறியீட்டு உயர்வோடு கட்டிப்போட்டிருப்பது, தலைநகர் கான்பெராவை உள்ளடக்கிய தலைநகரப் பிரதேசம் மட்டுமே.