மலைச்சரிவைத் தைக்கும் வேர்கள்!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பேருந்தில் ஜன்னலோர சீட் கிடைத்தால், எல்லோரும் பள்ளத்தாக்குப் பக்கம்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை எதிர்ப்பக்கமும் கொஞ்சம் பாருங்கள். சாலைக்காக வெட்டப்பட்ட மலை அங்கே செங்குத்தாக நிற்கும். சில இடங்களில் பாறை, சில இடங்களில் கருங்கல் தடுப்புச்சுவர், சில இடங்களில் வெறும் செம்மண். மழைக்காலத்தில் அந்த வழியாகப் போகிறவர்களின் உயிர், யாரும் பார்க்காத இந்தப் பக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் அடுத்தடுத்து மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சாலைகள் துண்டிக்கப்பட்டன. மலை ரயில் பாதையும் சேதமடைந்தது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கும் அதிகம் அது. இப்படிப்பட்ட நாள்களில் ஒரு வளைவில் மண் விழுந்தால், நின்றுபோவது சுற்றுலா மட்டுமல்ல. கோவை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸும் அங்கேயே நின்றுவிடும்.

சரி, மண் ஏன் சரிகிறது? கடற்கரையில் மணல் வீடு கட்டிய எல்லோருக்கும் இதற்குப் பதில் தெரியும். லேசான ஈரம் இருந்தால் மணல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அதே மணலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் பொலபொலவென்று சரிந்துவிடும். மலையிலும் இதே கதைதான். நீலகிரியின் பல பகுதிகளில் கெட்டிப் பாறைக்கு மேல், பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து உருவான மண் கனமாகப் படிந்திருக்கிறது. நாள்கணக்கில் மழை பெய்யும்போது நீர் உள்ளே இறங்கி, மண் துகள்களுக்கு இடையே நிரம்பி, அவற்றை விலக்கித் தள்ளுகிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. சாலைக்காக அடிவாரம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருப்பதால், அந்த எடையைத் தாங்க கீழே ஒன்றும் இல்லை.

இதனால்தான் காங்கிரீட் சுவர் மட்டும் போதுவதில்லை. சுவர் மண்ணைத் தடுக்கும்; பின்னால் சேரும் தண்ணீரை என்ன செய்யும்? அதற்காகத்தான் தடுப்புச்சுவர்களில் வரிசையாகத் துளைகள் விட்டு பைப் வைக்கிறார்கள். அந்தத் துளைகள் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தால், எவ்வளவு தடிமனான சுவரும் ஒருநாள் வயிறு தள்ளி நிற்கும். கம்பிக் கூண்டுக்குள் கற்களை அடுக்கிக் கட்டும் 'கேபியன்' சுவரில் இந்தத் தொல்லை குறைவு. கல் இடுக்குகள் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும். நாளடைவில் அந்த இடுக்குகளில் செடிகளும் முளைக்கும்.

ஆணி அடித்து, புல் தெளித்து...

நீலகிரிச் சாலைகளில் மாநில நெடுஞ்சாலைத் துறை அண்மை ஆண்டுகளில் கையில் எடுத்திருக்கும் முறைக்கு 'சாயில் நெய்லிங்' என்று பெயர். அதாவது, மண்ணுக்கு ஆணி அடிப்பது. சரிவில் துளையிட்டு, பல மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பிகளைச் செருகி, சுற்றிலும் சிமென்ட் பாலை நிரப்பி இறுக்குகிறார்கள். மேலே கம்பி வலை போர்த்துகிறார்கள். பிறகு விதை, உரம், நார்த்தூள், பசை எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து பம்ப் மூலம் சரிவின் மீது பீய்ச்சி அடிக்கிறார்கள். 'ஹைட்ரோ சீடிங்' எனப்படும் இந்த விதைப்புக்குப் பின், சில வாரங்களில் செங்குத்துச் சரிவு பச்சையாகிவிடும்.

இங்கே வேலை இரண்டாகப் பிரிகிறது. ஆழத்தில் இருக்கும் மண்ணைக் கம்பி பிடிக்கிறது. மேல் மண்ணைப் புல் பிடிக்கிறது. மழைத்துளி நேரடியாக மண்ணில் அறைந்தால் மண் கரையும். புல்லின் மேல் விழுந்தால் வேகம் குறைந்து மெல்ல வழியும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று போட்ட அலங்காரம் அல்ல அந்தப் பச்சை.

புல் வேர்பிடிக்கும் வரை மண்ணைக் காப்பதற்குத் தென்னை நார்ப் பாயும் விரிக்கலாம். கயிற்று நார் என்றால் பொள்ளாச்சிப் பக்கம் கேட்கவே வேண்டாம். இரண்டு மூன்று வருடங்களில் அந்தப் பாய் மக்கி மண்ணோடு கலந்துவிடும். அதற்குள் வேர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கும்.

உலகம் சொல்லும் தமிழ்ப் பெயர்

சரிவுகளைக் காக்கும் தாவரங்களில் உலகெங்கும் முதலில் சொல்லப்படும் பெயர் 'வெட்டிவர்'. நம் வெட்டிவேர்தான்! தமிழிலிருந்தே அந்தப் பெயர் பிற மொழிகளுக்குப் போனது. பானைத் தண்ணீரில் போடுகிறோம், தட்டி பின்னித் தொங்கவிடுகிறோம், கடலூர்ப் பக்கம் மணல்வெளியில் பயிரிடுகிறோம். ஆனால், மலைச் சாலைக்கு அதை முறையாகப் பயன்படுத்தியதில் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகள் நம்மை முந்திக்கொண்டன. தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1990-களில் இதைத் தன் சொந்தத் திட்டம்போலவே ஊக்குவித்தார்.

நல்ல மண்ணில் வெட்டிவேர் ஒரே வருடத்தில் 3 மீட்டர் வரைகூட ஆழம் போகும். பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்குவதுதான் இதன் சிறப்பு. மலேசியாவில் 1990-களில் நடந்த சோதனையில், இந்த வேரின் இழுவைத் தாங்குதிறன் சாதாரண இரும்புக் கம்பியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு என்று கண்டார்கள். ஒற்றை வேருக்கு இது. ஒரு தூரில் நூற்றுக்கணக்கான வேர்கள்! தென்னிந்திய ரகம் விதை மூலம் பரவுவதில்லை, தூர் பிரித்துத்தான் நட வேண்டும் என்பதால், களையாகக் காட்டுக்குள் புகுந்துவிடும் பயமும் இல்லை. உண்ணிச்செடியை அழகுக்காகக் கொண்டுவந்துவிட்டு இன்று காடு முழுக்கத் தவிக்கிறோமே, அந்த நிலை வராது.

ஆனால், எங்கும் வெட்டிவேர் என்று கிளம்பிவிடக் கூடாது. அதற்கு நல்ல வெயில் வேண்டும். மர நிழலில் சோர்ந்துவிடும். உறைபனி விழும் ஊட்டி உயரத்தில் வளர்ச்சி மந்தமாகிவிடும். கல்லாறு, பர்லியாறு போன்ற தாழ்வான பகுதிகளில் அது பொருந்தும். மேலே போகப் போக, அந்த மண்ணுக்கே உரிய புற்களும் குறுஞ்செடிகளும்தான் சரி. நீலகிரியின் உச்சிகள் ஒரு காலத்தில் சோலைகளும் புல்வெளிகளுமாக இருந்தவைதானே? சீகையும் கற்பூர மரமும் பிற்பாடு வந்தவை. வெட்டிய சரிவின் விளிம்பில் நிற்கும் கனத்த பெருமரம், காற்றில் ஆடி ஆடி மண்ணையே நெம்பிவிடும் அபாயமும் உண்டு.

நேபாளத்தின் துடைப்பப் புல்

இந்த விஷயத்தில் பாடம் படிக்க வேண்டிய இடம் நேபாளம். பிரிட்டன் உதவியோடு அங்கே போடப்பட்ட தரான் - தன்குட்டா மலைச் சாலை, 1984 பெருமழையில் பலத்த சேதம் அடைந்தது. பெரிய பெரிய சுவர்கள் கட்டிக்கொண்டே போக ஏழை நாட்டிடம் பணம் இல்லை. பொறியியலோடு செடிகளைச் சேர்க்கும் முறையை அவர்கள் ஊன்றிக் கற்றது இப்படித்தான்.

அங்கே சரிவில் வரிசை வரிசையாக நடப்படும் செடிகளில் ஒன்று 'அம்ரிசோ'. நம் வீடுகளில் கூட்டுகிறோமே, பஞ்சுபோன்ற பூந்துடைப்பம், அது இந்தப் புல்லின் பூங்கதிர்தான்! வேர் சாலையைத் தாங்குகிறது. கதிரை அறுத்து விற்றால் கிராமத்துப் பெண்கள் கையில் காசு. லாபம் தரும் புல்லில் யாரும் மாட்டை அவிழ்த்துவிட மாட்டார்கள். இன்னொன்று 'சிமாலி', அதாவது நம் ஊர் நொச்சி. பச்சைக் குச்சிகளை ஒடித்து மண்ணில் செருகினால் துளிர்த்து வேர்விடும். கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி போடும் நம் விவசாயிகளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

வேரால் முடியாததும் உண்டு. அது பிடித்து நிறுத்துவது மேலே உள்ள ஓரிரு மீட்டர் மண்ணைத்தான். அதற்குக் கீழே ஆழமாக நகரும் சரிவை எந்தப் புல்லும் தடுக்காது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையை அடித்துச் சென்றதைப் போன்ற ஒன்றின் முன் வெட்டிவேர் வெறும் புல்தான். அத்தகைய இடங்களில் சாலையும் கட்டடமும் வேண்டுமா என்பதே முதல் கேள்வி.

முடிகிற இடத்திலும், நட்டுவிட்டுப் போனால் ஆயிற்று என்று இருக்க முடியாது. முதல் இரண்டு மழைக்காலங்கள் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த தூருக்குப் பதில் புதுத் தூர், ஆடு மாடு ஏறாமல் காவல், மேலிருந்து வரும் ஓடைநீரைத் திருப்பிவிட வாய்க்கால். சுவருக்கு, கட்டி முடித்த அன்றே பில் போட்டுவிடலாம். புல்லுக்கு அப்படி முடியாது. மண்வெட்டியோடு வந்து போகும் சாலைப் பணியாளரின் கூலியையும் அந்தத் திட்டத்திலேயே எழுத வேண்டும். பல பசுமைச் சரிவுகள் தோற்பது இந்த ஒரு வரியை எழுத மறந்ததால்தான்.

மலையில் குடியிருப்பவர்களும் பயணம் போகிறவர்களும் சில அறிகுறிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். சரிவின் மேல் புதிய வெடிப்பு, திடீரெனச் சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், வயிறு தள்ளிய சுவர், தெளிவாக வடிந்த ஊற்று சட்டென்று சேறாக மாறுவது... இவற்றில் எதைப் பார்த்தாலும் செல்ஃபி எடுக்க அங்கே நிற்காதீர்கள். விலகிப் போய், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் சொல்லிவிடுங்கள்.