ஒரே மென்பொருள், நான்கு நிறுவனங்கள்: எது வெற்றி?

ஒஸ்லோவின் குரோருட் நிலையத்தில் 5ஆம் இலக்க மெட்ரோவில் ஏறினால், வண்டி மாறாமலே பல்கலைக்கழகத்தின் தகவலியல் துறைக்குப் பக்கத்தில் போய் இறங்கலாம். தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் இந்தக் குரோருட் பள்ளத்தாக்கிலிருந்து மென்பொருள் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: ஒரு திட்டம் வென்றது என்று எப்போது சொல்வீர்கள்? சொன்ன நாளில், சொன்ன செலவில், கேட்டதைச் செய்து கொடுத்தால் வெற்றி என்பார்கள்.

அது போதாது என்பதற்கு ஒஸ்லோவிலேயே சான்று உண்டு. இங்குள்ள சிமுலா ஆய்வுக்கூடம், தன் ஆய்வுகளின் விவரங்களைப் பதிந்துவைக்க ஒரு மென்பொருள் கேட்டு 81 நிறுவனங்களுக்கு டெண்டர் அழைப்பு அனுப்பியது. 35 நிறுவனங்கள் விலை சொல்லின. ஒன்று கேட்டது சுமார் 2,600 யூரோ. இன்னொன்று கேட்டதோ சுமார் 70,000 யூரோ. அவற்றில் நான்கைத் தேர்ந்து, அதே மென்பொருளைத் தனித்தனியே செய்யச் சொன்னார்கள்.

ஆய்வாளர்கள் பெந்தே ஆண்டா, டாக் ஷோபெர்க், ஆட்ரிஸ் மோக்கஸ் ஆகியோர் முடிவுகளை 2009இல் வெளியிட்டார்கள். கையாள எளிதா என்று பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பழுதில்லாமல் ஓடுவதிலும், பின்னால் திருத்துவதற்கு இடம் கொடுப்பதிலும் பெரிய வேறுபாடு இருந்தது. திரையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுபவர் கண்ணுக்கு இது படாது.

பிறகு ஆறு புரோகிராமர்களை அமர்த்தி, அந்த நான்கிலும் மாற்றங்கள் செய்யவைத்து, வேலை நேரத்தை அளந்தார்கள். பாடநூல்கள் எச்சரிக்கும் கோட் குறைகளால் வேலை பெரிதாகக் கூடவில்லை. கோப்பின் அளவும் மாற்றங்களின் எண்ணிக்கையுமே முக்கியம் என்றது 2013இல் வந்த அந்த ஆய்வு. மதிப்பெண் போடும் ஆசிரியரின் அளவுகோலையும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

தரம் மட்டும் போதாது. பயனைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒஸ்லோவின் மெட்ரோ நிலையங்களே காட்டின. மின்னணு டிக்கெட்டுக்காக நிறுவிய தடுப்புக் கதவுகள் முறையான பயன்பாட்டுக்கு வராமலே அகற்றப்பட்டன.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர் திட்டம் தொடங்கும் முன்பே மூன்றை எழுதி வாங்குங்கள்: பயன் யாருக்கு, அதை எதைக்கொண்டு அளப்பது, எப்போது அளப்பது. மதிப்பெண்ணையும் இரண்டாகப் பிரியுங்கள். பாதியை ஒப்படைக்கும் நாளில் கொடுங்கள். மீதியை, வேறொரு குழு அந்த மென்பொருளைத் திறந்து ஒரு மாற்றம் செய்து பார்த்த பிறகு கொடுங்கள்.