ஸெயிண்ட் ஹெலினாவின் ஆகாய விமான நிலையம்

நெப்போலியன் 1815-ல் சிறை வைக்கப்பட்டு 1821-ல் மாண்ட இடம் என்ற அளவிலேயே ஸெயிண்ட் ஹெலினாத் தீவை நம்மவர் அறிவர். சென்னைக் கோட்டையிலிருந்து நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியே 1834 வரை அத்தீவையும் ஆண்டது. கீழ்நாட்டுச் சரக்கேற்றித் திரும்பிய கப்பல்கள் அங்கே தண்ணீர் பிடித்துச் சென்றன. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது; கப்பல்கள் வழி மாறின; தீவின் பிழைப்பு க்ஷீணித்தது.

இத்தீவுக்குப் பிரிட்டிஷ் ஸர்க்கார் சுமார் 28½ கோடிப் பவுன் ஒதுக்கி விமான நிலையம் அமைத்தனர். ஜனத்தொகையோ ஏறக்குறைய 4,500. தலைக்கு 63,000 பவுன்! உல்லாசப் பிரயாணிகள் திரளாக வருவர், வருஷாந்தர மானியம் படிப்படியாக ஒழியும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 2016 மே மாதம் திறப்பு விழா என்றார்கள். பாறைகளில் மோதிச் சுழலும் காற்றினால் பெரிய விமானங்கள் இறங்குவது அபாயமென்று கண்டார்கள். கட்டி முடித்த பின்னர் கண்டார்கள்! 1836-ல் அங்கு தங்கிய டார்வின் கூட அக்காற்றின் விசித்திரத்தைக் குறித்து வைத்திருக்கிறார். பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் கமிட்டி 2016-ல் கடுமையாகக் கண்டித்தது. 2017 அக்டோபரில்தான் ஜோஹான்னஸ்பர்க்கிலிருந்து வாரம் ஒரு சிறு விமானம் வரத் தொடங்கிற்று.

ஆகவே பணம் பாழ் என்போர் பலர். நாம் அங்ஙனம் கருதவில்லை. முன்பு கேப் டவுனிலிருந்து தபால் கப்பலில் ஐந்து நாட்களுக்கு மேல் பிரயாணம். அக்கப்பல் 2018-ல் ஓய்வு பெற்றது. தீவில் செய்யவியலாத ரண சிகிச்சை வேண்டிய நோயாளி இன்று சில மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியை அடையலாம். அவ்வுயிருக்கு எந்தக் கணக்குப்பிள்ளை விலை போடுவார்? வழக்கு நியாயமானது, பிராது எழுதியவர்தான் கெடுத்தார். பிரஜைகளுக்குச் செலுத்தவேண்டிய கடனை லாபம் தரும் முதலீடென்று சொல்லி மன்றேறியதே பிழை. இதே தீவாருக்குப் பிரிட்டனில் குடியிருக்கும் உரிமையை 1981-ம் வருஷத்துச் சட்டத்தால் பறித்து, 2002-ல்தான் திருப்பித் தந்தனர் என்பதும் நினைவிருக்கட்டும்.

எனினும் விமானம் பிரயாணிகளைக் கொணர்வது போலவே வாலிபர்களை வெளியே கொண்டுபோகவும் வல்லது. உள்ளூரில் தக்க கூலியில்லையேல் எவர் தங்குவர்? அரிசியும் சிமெண்டும் இன்னும் கப்பலிலேதான் வருகின்றன. அக்கட்டணம் ஏறினால் ஏழையின் அடுப்பே முதலில் அறியும். ஓடுபாதைக்குக் கோடிகளை இறைத்த ஸர்க்கார், தீவாருக்குரிய விமானச் சத்தத்தையும் சரக்குக் கூலியையும் ஒரு வரம்புக்குள் நிறுத்தச் சில லட்சம் கொடுக்கத் தயங்குவது ஏன்? லண்டன் மந்திரிகள் இதற்கு விடை கூறட்டும்.