ஒரே பயணத்தில் மூன்று மழை!
கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு புறப்படும் வட்டவடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

வட்டவடையில் பூண்டும் உருளைக்கிழங்கும் நல்ல விலைக்குப் போய்க் கையில் நாலு காசு தங்கினால், பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "கொச்சிப் பார்க்குக்கு எப்பப்பா போவோம்?" என்பதுதான். ஓணம் விடுமுறை வந்து விட்டால் நச்சரிப்பு இன்னும் கூடும்.

வண்டிக்குச் சொல்லியாகி விடும். கட்டுச்சோறும் தயாராகி விடும். மழைக்கு என்ன எடுப்பது என்ற யோசனை மட்டும் புறப்படும் போதுதான் வரும். கடையில் முதலில் கண்ணில் பட்ட பிளாஸ்டிக் கோட்டை வாங்கி மாட்டி விடுவார்கள். அது மூணாறு போய்ச் சேருவதற்குள் கிழிந்து விடும்.

மூன்று விதம்

இந்தப் பயணத்தில் மழை ஒன்றல்ல, மூன்று.

வட்டவடையிலிருந்து பாம்பாடும் சோலை, டாப் ஸ்டேஷன், குண்டளை வழியாக மூணாறு சுமார் 45 கிலோ மீட்டர். இங்கே காற்றோடு சேர்ந்த சாரல், கூடவே மூடுபனி. குடை பிடித்தால் காற்று மடக்கி விடும்.

மூணாற்றிலிருந்து அடிமாலி, நேரியமங்கலம் வழியாக இறங்கும் போது மழையின் குணமே மாறி விடுகிறது. இடவப்பாதி மேகங்கள் மலையில் மோதிக் கொட்டுகிற மேற்குச் சரிவு இது. நேரியமங்கலத்தைக் கேரளத்தின் சிரபுஞ்சி என்றே அழைக்கிறார்கள்.

மூன்றாவது, கொச்சி மழை. வீகாலாண்ட் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, இப்போது வொண்டர்லா என்று வழங்கும் பூங்கா, எர்ணாகுளம் அருகே பள்ளிக்கரையில் இருக்கிறது. அங்கே மழை கொட்டி ஓய்ந்தவுடன் வெயில் வரும். புழுக்கத்தில் உடம்பு வியர்த்துக் கொட்டும். காற்றுப் புகாத கோட்டைப் போட்டால் வெளியே நனையாமல் உள்ளே நனைவோம்.

கம்பளி முதல் கோட்டு வரை

நம் முன்னோர் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக் கொண்டு காட்டு வேலை பார்த்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் கம்பளிதான் துணை. தொழிலாளர்களுக்கு மழை, குளிரிலிருந்து காப்பாகக் குடை, கம்பளி, மழைக்கோட்டு வழங்கச் செய்யும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 17ஆவது பிரிவில் இடம் தந்தது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஆனால் நீரைக் குடித்துக் கனத்து விடும்.

நீர் புகாத கோட்டுத் துணிக்கு 1823ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் சார்லஸ் மேகிண்டாஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைக் கரைத்துப் பூசினார் அவர். இன்றைய கோட்டுகளில் ரப்பருக்குப் பதில் வேறு பூச்சுகள் வந்து விட்டன. ஆனாலும் தையல் போட்ட ஊசித் துளை வழியே நீர் கசியும் தொல்லை அன்று போலவே இன்றும் உண்டு.

வாங்கும் போது

ஆகவே கோட்டைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பாருங்கள். தையல் மேல் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தோள் தையலில் ஒரு டம்ளர் நீர் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால் மாற்றிக் கொள்ள அப்போதே கடைக்குப் போகலாம்.

மெல்லிய பிளாஸ்டிக்கை விடப் பூச்சுள்ள நைலான் நல்லது. மடித்தாலும் எளிதில் கிழியாது. அக்குளில் காற்றுத் துளை இருந்தால் கொச்சிப் புழுக்கத்துக்கு ஏற்றது.

குழந்தைகளுக்கு மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறமே வேண்டும். மூடுபனியிலும் கூட்டத்திலும் பிள்ளையைச் சட்டென்று கண்டுபிடிக்கலாம். தலைமூடியில் கழுத்தைச் சுற்றும் கயிறு கூடாது. அது எதிலாவது மாட்டினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் குழந்தைகளின் மேலுடைகளில் இத்தகைய கயிறு வேண்டாமென்று 1996ஆம் ஆண்டிலேயே அரசு அமைப்பு வழிகாட்டியது. எலாஸ்டிக் வைத்த தலைமூடி போதும்.

பெரியவர்களுக்கு ஒரு மடக்குக் குடை இருக்கட்டும். டிக்கெட் வரிசையில் நிற்க உதவும். காலுக்கு வழுக்கும் ரப்பர் செருப்பை விட, பின்வார் உள்ள செருப்பு நல்லது.

பூங்காவுக்குள்

இராட்டினங்களில் ஏறும் முன் மழைக்கோட்டைக் கழற்றி விடுங்கள். தொளதொளத்த துணி சக்கரத்திலோ கம்பியிலோ மாட்டக்கூடும். நீர் விளையாட்டுக்குப் பருத்தி ஆடையை அனுமதிக்க மாட்டார்கள். நைலான் நீச்சலுடை வேண்டும். இடி மின்னல் வந்தால் உயரமான இராட்டினங்களை நிறுத்தி வைப்பது வழக்கம். அதற்காக ஊழியர்களிடம் சண்டை போட வேண்டாம்.

திரும்பும் வழி

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கொண்டு வருவது பெரும்பாலும் போகிற வழியல்ல, வருகிற வழிதான் என்பார்கள் மலைத் தாய்மார்கள். அவர்களது கவலைக்குக் காரணம் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். மூணாற்றின் உயரம் சுமார் 1,500 மீட்டர். கொச்சியில் ஈரத் துணியோடு வண்டி ஏறும் குழந்தை, மூணாறு வரும்போது பத்து டிகிரி குறைந்த குளிரில் நடுங்குகிறது. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும்.

எனவே ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணியும் ஒரு ஸ்வெட்டரும் பிளாஸ்டிக் பையில் கட்டி மூட்டையின் மேலே வையுங்கள். வண்டி ஏறுவதற்கு முன்பே தலையைத் துவட்டி உடை மாற்றுங்கள். ஈர உடம்பின் மேல் மழைக்கோட்டை மாட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி விடும்.

எந்தக் கோட்டும் காக்காத நாள்

வானிலை அறிவிப்பைக் கேட்காமல் புறப்படக் கூடாது. ஒரு நாளில் 115.6 முதல் 204.4 மில்லி மீட்டர் வரை மழை எதிர்பார்த்தால் ஆரஞ்சு எச்சரிக்கை. அதற்கும் மேல் என்றால் சிவப்பு எச்சரிக்கை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, உறங்கிக் கொண்டிருந்த 70 பேரைக் கொண்டு போனதை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகள் அழுதாலும் பயணத்தை ஒத்தி வையுங்கள். பூங்கா எங்கும் ஓடி விடாது. அடுத்த வாரம் அதே கோட்டைப் போட்டுக் கொண்டு போகலாம்.