சீரியல் லைட் போடலாம், சிக்கனமாகச் சம்பாதிக்கலாம்!

ஆடி 18-க்கு ஒகேனக்கல்லில் கூட்டம் அலைமோதும். கடை, கோயில், பந்தல் எல்லாத்துக்கும் சீரியல் லைட் வேணும். அதை நம்ம குழுவே வாடகைக்கு விட்டால் என்ன?

பழைய ‘ஜீரோ வாட்’ பல்பு உண்மையில் 15 வாட் வரை இழுக்கும். 100 பல்புக்கு 1,500 வாட். அரை வாட் எல்.இ.டி. என்றால் 50 வாட்தான். அதையே வாங்குங்க.

ஆற்றங்கரை ஈரத்தில் கவனம் தேவை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இணைப்பை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கொடுக்கட்டும். கம்பியில் கொக்கி போடுவது 2003 மின்சாரச் சட்டப்படி திருட்டு. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கணும்.

காவிரியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவாங்க, கூட்டம் குறையும். அதனால் ஆடியை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீங்க. ஆவணி முகூர்த்தம், ஆயுத பூஜை, ஊர்த் திருவிழா எல்லாத்தையும் கணக்கில் சேர்த்தால் தவணை தவறாது.