கரண்ட் திரும்பி வரும் நேரம்

மின்தடை என்றதும் நம் கவனம் முழுக்க இருட்டின் மேல் போய்விடுகிறது. ஃபேன் நின்றுவிட்டது, கொசு பிடுங்குகிறது, இபி ஆபீசுக்கு போன் அடித்தால் எடுக்க ஆளில்லை, இதுதான் பேச்சு. புழுக்கமும் கொசுவும் தொல்லைதான், ஆபத்தில்லை. ஆபத்து இரண்டு வழிகளில் வருகிறது. கரண்டுக்குப் பதிலாக நாம் வீட்டுக்குள் கொண்டுவரும் நெருப்பும் எஞ்சினும் பேட்டரியும் ஒரு வழி. போன கரண்ட் யாரும் எதிர்பாராத நொடியில் திரும்பி வருவது இன்னொரு வழி. மின்தடைக்குத் தயாராவது என்றால் மெழுகுவத்தி வாங்கி வைப்பது என்று நினைக்கிறோம். கரண்ட் இருக்கும்போதே சில வேலைகளைச் செய்து வைப்பதும், அது போனவுடன் சில சுவிட்சுகளை அணைப்பதும்தான் உண்மையான தயாரிப்பு.

‘இப்போதெல்லாம் எங்கே கரண்ட் போகிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால், பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் டார்ச் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். குடத்தில் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும். மின்தடை அரிதானதும் அந்தப் பழக்கமும் போய்விட்டது. வீடோ முன்னைவிடப் பல மடங்கு கரண்டை நம்பி நிற்கிறது. கயிறும் வாளியுமாக இறைத்த கிணறுகள் வற்றி, ஆழ்குழாயில் இறங்கிய மோட்டார்தான் பல வீடுகளுக்குத் தண்ணீர். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி நிரம்பவும் மோட்டார் ஓட வேண்டும். கொள்ளிடத்துத் தண்ணீர் குழாயில் ஏறி வந்து சேரவும் மின்சாரம் வேண்டும். ஆக, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நீண்ட மின்தடை என்பது இரண்டாம் நாளில் தண்ணீர்ப் பஞ்சமாக மாறிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் பக்கத்து டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீடு வீடாகத் தொட்டி நிரப்பிய ஊர்கள் பல.

காலை ஒன்பது மணிக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. பாதிச் சட்டையோடு அயர்ன் பாக்ஸை அப்படியே விரிப்பின் மேல் வைத்துவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு ஆள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது. குளியலறை வாளியில் வாட்டர் ஹீட்டர் ராடும் அப்படியே தொங்குகிறது. இரண்டு மணிக்குக் கரண்ட் வருகிறது. வாளித் தண்ணீர் கொதித்து வற்றிய பிறகு அந்த ராடு என்ன செய்யும், பிளாஸ்டிக் வாளி என்ன ஆகும், பருத்தி விரிப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. சிறுவாச்சூர், ஜெயங்கொண்டம் என்று துணை மின் நிலையங்களின் பராமரிப்புப் பணிக்காக வரும் ‘நாளை மின் நிறுத்தம்’ அறிவிப்பில் போட்டிருக்கும் நேரம் ஓர் உத்தேசம்தான். பணி முன்னதாக முடிந்தால் மின்சாரமும் முன்னதாகவே வரும். எனவே கரண்ட் போன மறு நிமிடம் செய்ய வேண்டியது, சூடாகும் சாமான்கள் எல்லாவற்றையும் அணைத்து பிளக்கைப் பிடுங்குவது. கிரைண்டர், மிக்சி, மோட்டார் சுவிட்சுகளையும் அணைத்துவிட வேண்டும். நின்றுபோன மிக்சிக்குள் கரண்டியை விட்டுக் கிளறும்போது கரண்ட் வந்தால் போவது விரல். ஒரே ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டு வைத்தால் போதும், கரண்ட் வந்த செய்தியை அது சொல்லிவிடும்.

அந்த விளக்கையும் கவனித்துப் பார்க்க வேண்டும். வழக்கத்தைவிடப் பளீரென்று கண் கூசும்படி எரிந்தால், அல்லது ஒரு விளக்கு மங்கி இன்னொன்று பளிச்சிட்டால், வெளியே நியூட்ரல் கம்பி அறுந்திருக்கக்கூடும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறும். டிவி, ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜர் எல்லாம் சில நொடிகளில் கருகும். உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்வதுதான் வழி. ஃபிரிட்ஜ், ஏ.சி. போன்றவற்றைக் கரண்ட் வந்து நிலைத்த பிறகு, ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுவது நல்லது.

‘எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே’ என்பது அடுத்த சமாதானம். இன்வெர்ட்டர் இருட்டைப் போக்கும். ஆனால் கரண்ட் இல்லை என்ற நினைப்பில் ஸ்டூல் போட்டு ஏறி பல்பு ஹோல்டரைக் கழற்றுகிறவருக்கு அந்த இன்வெர்ட்டர் அதே 230 வோல்ட்டைத்தான் கொடுக்கும். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும். அதைத் தனியாக அணைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது அதன் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், அது தீப்பற்றக்கூடியது. இடம் மிச்சம் என்று பேட்டரியைப் பூஜை மாடத்துக்குக் கீழே தள்ளி வைக்கிற வழக்கம் அதனால்தான் அச்சம் தருகிறது. மெழுகுவத்தியைக் கட்டில் தலைமாட்டிலும், நைலான் திரைச்சீலை ஆடும் ஜன்னல் ஓரத்திலும், பிளாஸ்டிக் டப்பா மூடியின் மேலும் ஒட்டி வைப்பதும், எரிகிற விளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அதே வகைதான். ஒரு சாதாரண எல்.இ.டி. டார்ச் இத்தனைக்கும் மாற்று.

ஜெனரேட்டர் விஷயத்தில் மட்டும் இன்னும் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை, தலைவலி, மயக்கம், பிறகு தூக்கத்திலேயே மரணம். மழைக்குப் பயந்து திண்ணையிலோ, கார் ஷெட்டிலோ, மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டினால் புகை வீட்டுக்குள்தான் வரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பனிப்புயலில் மின்சாரமின்றி உறைந்தபோது, குளிருக்குத் தப்ப வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டியவர்களும் கரி அடுப்பு மூட்டியவர்களும் பலர் இந்த வாயுவால்தான் இறந்தார்கள். இன்னொரு தவறு, ஜெனரேட்டர் வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி வீட்டு சாக்கெட்டில் சொருகுவது. வீட்டை மின்வாரிய லைனிலிருந்து பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இப்படிச் செய்தால் கரண்ட் வீட்டோடு நிற்காது, தெருக் கம்பிக்கு ஏறும். 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து 230-ஐ 11,000 ஆக்கும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் சாவார். கூரையில் சோலார் போட்ட பல வீடுகளில் கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிடுவது இதற்காகத்தான். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்த சோலார், லைனில் வேலை செய்பவரைக் காப்பாற்றத் தானாகவே அணைந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. அது பழுதல்ல.

லைன்மேன் வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இங்கே வரும். கிராமங்களில் இதற்கு ஊரே கண்டுபிடித்த பதில் ஒன்று உண்டு: தைரியமான இளைஞர் ஒருவர் நீளக் கழியோடு போய் டிரான்ஸ்ஃபார்மர் கைப்பிடியை இழுத்துவிட்டு, ஃபியூஸ் கட்டிவிட்டு வருவார். ஆள் பற்றாக்குறை உண்மை, காத்திருந்து சலித்த கோபமும் நியாயம். ஆனால் கைப்பிடியை இழுத்தும் ஒரு பேஸ் விடுபடாமல் நிற்பது உண்டு, அது கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. புயலில் அறுந்து கிடக்கும் கம்பிக்கும் இதே விதி. ஊரே இருட்டாக இருந்தாலும் அந்தக் கம்பியில் எந்த நொடியும் மின்சாரம் பாயலாம். காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகக் கட்டிய மின்வேலிகளும் அப்படித்தான். கரண்ட் இல்லை என்ற தைரியத்தில் இரவு வரப்பில் நடப்பவர், அது வரும்போது வேலியருகே இருக்கக் கூடாது.

லைன்மேன் வராததற்குப் பதில் புகாரில்தான் இருக்கிறது, கழியில் இல்லை. மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். 2020-ம் ஆண்டின் மின்சார நுகர்வோர் உரிமை விதிகள், திட்டமிட்ட மின்நிறுத்தத்தை முன்கூட்டியே சொல்லவும், திடீர்த் தடையென்றால் எப்போது சரியாகும் என்று குறுஞ்செய்தி அனுப்பவும் மின் பகிர்மான நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துகின்றன. குறித்த நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57-வது பிரிவு. குறை தீராவிட்டால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இயங்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம், அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மின்னழுத்தம் ஏறிச் சாமான்கள் கருகினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் அணுக முடியும். ‘இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்’ என்று சொல்பவர்களை முழுவதும் மறுக்க முடியாது. இழப்பீட்டுத் தொகை சிறியது, அலைச்சல் பெரியது. ஆனால் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி ஒரே மாதத்தில் பதினைந்து புகார் எண்கள் பதிவாகியிருந்தால், மாற்று டிரான்ஸ்ஃபார்மர் கேட்கும் பொறியாளருக்கே அது ஆதாரமாகும். வாயால் திட்டியதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

உயிரே போனால் சட்டம் இன்னும் உறுதியாகப் பேசுகிறது. மத்தியப் பிரதேச மின்சார வாரியம் எதிர் ஷைல் குமாரி என்ற வழக்கில் 2002 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மழை இரவில் சைக்கிளில் வீடு திரும்பியவர், சாலைத் தண்ணீருக்குள் அறுந்து கிடந்த கம்பியில் சிக்கி இறந்துபோனார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் வந்த வினை என்றது வாரியம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இத்தனை ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம், தன் மேல் கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்றது. அப்படிக் கோர வேண்டுமானால் போலீசில் புகார், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அறுந்த கம்பியின் புகைப்படம், மின் ஆய்வாளரின் விசாரணை ஆகியவை கையில் இருக்க வேண்டும். துக்க வீட்டில் இதை யாரும் யோசிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் யோசிக்க வேண்டும்.

ஏழை வீட்டுக்கு இன்வெர்ட்டர் எங்கே, ஜெனரேட்டர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் எளிது: மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. செலவு செய்வதானால் முதல் காசை இன்வெர்ட்டருக்குப் போடாமல் ஆர்.சி.டி. எனப்படும் உயிர்காக்கும் சாதனத்துக்குப் போடலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருப்பவர் உண்டென்றால் ஒரு சிலிண்டர் கட்டாயம். பிரிக்காத இன்சுலினை இரண்டு முதல் எட்டு டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் நீண்டால், பாட்டிலை ஈரம் படாதபடி ஒரு டப்பாவில் போட்டு, தண்ணீர் வைத்த மண்பானைக்குள் இறக்கி, நிழலான இடத்தில் வைப்பது நம் ஊர் வெயிலுக்குத் தெரிந்த வழி.

மின்னகத்தில் முதலில் கேட்பது மின் இணைப்பு எண். இருட்டில் பீரோவைத் துழாவி பழைய ரசீது தேடும் நேரத்தில் செல்போனின் பாதி சார்ஜ் டார்ச்சுக்கே போய்விடும். மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் அந்த எண்ணையும் மின்னகத்தின் எண்ணையும், பிரிவு அலுவலகத்தின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடலாம். பக்கத்து ஆணியில் டார்ச்.