மாத்தளையிலிருந்து கடலுக்கு எவ்வளவு தூரம்?

ஐந்திணைப் பாடத்தில் நெய்தல் நிலத்துக்கு வந்திருந்தோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழும்பி, “சேர், நம்மட மாத்தளையில கடலே இல்லையே, இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றான். வகுப்பே சிரித்தது.

“நேற்று வீட்டில் என்ன கறி?”

“சூரை மீன், சேர்.”

அந்தச் சூரையிலிருந்தே தொடங்குவோம்.

கடலில் ஒளித்தொகுப்புக்குப் போதிய வெளிச்சம் மேல்மட்டத்தில்தான் உண்டு. 200 மீற்றருக்குக் கீழே அது அநேகமாக நடப்பதில்லை. வெளிச்சமுள்ள அந்த மேல்நீரில் கண்ணுக்குத் தெரியாத சிறு தாவர உயிர்கள் மிதக்கின்றன. இவையே தாவரப் பிளாந்தன்கள். உலகில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதி இவற்றால் நடக்கிறது. இவற்றை விலங்குப் பிளாந்தன்கள் தின்னும். அவற்றைச் சாளை தின்னும். சாளையைச் சூரை தின்னும். ஒவ்வொரு படியிலும் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும். அந்தக் கணக்கில், ஒரு கிலோ சூரைக்குப் பின்னால் ஏறக்குறைய 1000 கிலோ தாவரப் பிளாந்தன் இருக்கிறது!

இந்தப் பிளாந்தனுக்கு உணவு எங்கிருந்து வருகிறது? நைதரசன், பொசுபரசு போன்ற சத்துகளை ஆழ்கடல் நீர் மேலே கொண்டுவருகிறது. ஆறுகளும் கொண்டுசேர்க்கின்றன. நம் ஊர் சுது கங்கை அம்பன் கங்கையோடு கலக்கிறது. அம்பன் கங்கை மகாவலியில் விழுகிறது. மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. அந்தக் குடாவின் கரையில்தான் மூதூரும் கிண்ணியாவும் இருக்கின்றன. ஆற்றுமுகத்துக் கண்டற்காடுகளின் வேர்களுக்கிடையே இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன.

சத்து அளவோடு இருந்தால் அது உணவு. மிஞ்சினால்? தோட்டத்து உரமும் வீட்டுச் சவர்க்கார நீரும் அளவுக்கு மீறிச் சேரும்போது அல்காக்கள் பெருகுகின்றன. அவை செத்து அழுகும்போது பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். வழியில் போவதென்ன, மொரகஹகந்த அணைகள் இருக்கின்றனவே என்று ஆறுதல் கொள்ளலாம். அணை மண்ணையும் குப்பையையும் ஓரளவு மறிக்கும். தண்ணியில் கரைந்ததை முழுதாக மறிக்காது. மறிபடும் குப்பையும் நம் மாவட்டத்துக் குளத்தில்தானே கிடக்கும்?

ஆற்றுக்கும் கடலுக்கும் உள்ள உறவுக்கு விலாங்கைவிட நல்ல சாட்சி இல்லை. அது கடலில் பிறக்கும். இலைபோலத் தட்டையான, ஒளி ஊடுருவும் குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து கரைக்கு வரும். ஆறேறிப் பல வருடம் நன்னீரில் வளரும். முதிர்ந்ததும் முட்டையிட மறுபடி கடலுக்கே போய், அங்கேயே மடியும். ஈரப் பாறையில் ஊர்ந்து ஏறக்கூடிய இந்த மீனுக்கும் உயர்ந்த அணை பெருந்தடைதான். கடல்வழி அடைபட்டால் ஆற்றில் விலாங்கு இல்லை.

பாடம் முடிந்ததும் அந்தப் பையனிடமே கேட்டேன்: “இப்ப சொல்லு, கடல் எவ்வளவு தூரம்?”

கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: “பாலத்தடி வரைக்கும்தான், சேர்.”

குறிஞ்சியில் இருக்கும் நாம் பாலத்திலிருந்து வீசும் ஒரு பை, நெய்தலில் வலை இழுக்கும் சகோதரனின் வலையில் சிக்கக்கூடும். வீசுமுன் அந்தக் கையை நினைப்போம்.